ஊசிக்கு அஞ்சும் உடல்

சர்க்கரை பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, பல பேருடைய பர்ஸில் மாதக்கணக்கில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. கேட்டால், "வெறும் வயிற்றில் போக வேண்டும், காலையில் நேரம் கிடைப்பதில்லை" என்பார்கள். அடுத்த மாதம் வேறு காரணம் வரும். அந்த லேப் தொலைவில் இருக்கிறது, இந்த லேப்பில் கூட்டம், இப்போது உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் சோம்பல் என்று நினைத்துக்கொள்வார்கள். அலட்சியம் என்று திட்டுவார்கள். இப்படித் தள்ளிப்போடுகிறவர்களில் ஒரு பகுதியினர் சோம்பேறிகளே இல்லை. நரம்பில் ஊசி இறங்கும் அந்தச் சில நொடிகளை நினைத்தாலே அவர்களுக்குக் கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, காதுக்குள் இரைச்சல் கேட்கிறது. அதை வெளியே சொல்ல வெட்கம். அதனால் நேரமில்லை என்கிறார்கள்.

நாய், பல்லி, உயரம், லிஃப்ட், இடி, ஆழமான தண்ணீர் என்று மனிதர்கள் மிரளும் பொருள்களின் வரிசை நீளமானது. ஒவ்வொன்றும் ஒருவருடைய நாளைத் தின்றுவிடக் கூடியது. ஆனாலும் ஊசி, ரத்தம், காயம் ஆகியவற்றின் மீதான அச்சத்தைத்தான் இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். லிஃப்டுக்கு அஞ்சுபவர் படியேறிப் போய்விடலாம். பல்லிக்கு அஞ்சுபவர் விளக்கைப் போட்டு, சுவரை ஒரு முறை பார்த்துவிட்டு அறைக்குள் நுழையலாம். ஊசியைத் தவிர்க்க நினைப்பவரோ மருத்துவமனை வாசலையே தவிர்க்க வேண்டியிருக்கும். அதோடு, இந்த அச்சம் உடலுக்குள் வேலை செய்யும் விதம் மற்ற ஃபோபியாக்களுக்கு நேர் எதிரானது. அது தெரியாததால், நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரைகள்கூடப் பாதிக்கப்பட்டவரைக் கீழே விழவைக்கின்றன.

ஊசி போட்டுக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது. அதையெல்லாம் ஃபோபியா என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, 2013-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில், சில அடையாளங்களை வகுத்திருக்கிறது. குறிப்பிட்ட பொருளோ சூழலோ எதிர்ப்பட்டால் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் உடனடியாக அச்சம் எழ வேண்டும். உண்மையான ஆபத்தின் அளவைவிட அது மிகுந்திருக்க வேண்டும். அவர் அந்தப் பொருளைத் தவிர்த்துக்கொண்டே வர வேண்டும், அல்லது பெரும் வேதனையோடு அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ இது நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ வாழ்வின் வேறு முக்கியமான பகுதிகளையோ பாதிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவருக்குச் சிகிச்சை தேவையில்லை. பல் டாக்டரின் ஊசிக்குப் பயந்து, வருடக்கணக்காகப் பல்வலியைக் கிராம்பு வைத்தே சமாளிக்கிறவருக்குத் தேவை. அதே கையேடு ரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறது.

உலகின் 22 நாடுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த மனநல ஆய்வுகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. வாழ்நாளில் எப்போதாவது ஏதேனும் ஒரு பொருளோ சூழலோ குறித்த ஃபோபியாவுக்கு ஆளானவர்கள் 7.4 சதவீதம் என்று அவை கணக்கிட்டன. பெண்களில் 9.8 சதவீதம், ஆண்களில் 4.9 சதவீதம். ஆண்களின் எண்ணிக்கை உண்மையிலேயே அவ்வளவு குறைவா, ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வயதுக்குள்ளாகவே அச்சம் தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் ஒட்டிக்கொண்ட ஒன்றை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. 'அவன் சுபாவமே அப்படி' என்று வீடும் ஊரும் ஏற்றுக்கொண்டுவிடுகின்றன, அவனும் ஏற்றுக்கொண்டுவிடுகிறான். சிகிச்சை பெற்றவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அதே ஆய்வு சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டால் படம் இன்னும் பெரிதாகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, ஊசிக்குப் பயந்தே ஃப்ளூ தடுப்பூசியைத் தவிர்க்கும் வயது வந்த நோயாளிகள் 16 சதவீதம் என்றது. கொரோனா காலத்தில் பிரிட்டனில் பதினைந்தாயிரம் பேரிடம் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு ஊசி ஃபோபியாவுக்கான அறிகுறிகள் தெரிந்தன. தடுப்பூசித் தயக்கத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த அச்சத்தால் வந்ததாக இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். தயங்குகிறவர்களையெல்லாம் வதந்தியை நம்புகிறவர்கள் என்று ஒரே பட்டியலில் சேர்த்து ஏசிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த முடிவு இது.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். தெருமுனையில் நாயைக் கண்டு மிரள்பவரின் உடலில் நடப்பது ஓரளவு நமக்குத் தெரிந்ததுதான். மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி, சிந்தனைக்கு அவகாசம் கொடுக்காமல் ஆபத்து என்று அறிவிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் ஓடுவதற்குத் தயாராகின்றன. படபடப்பில் மயக்கம் வரும்போல அவருக்குத் தோன்றினாலும் அவர் மயங்கி விழுவது அரிது. ஏறியிருக்கும் அழுத்தம் மூளைக்கு ரத்தத்தைத் தாராளமாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுபவருக்கு முதல் கட்டம் மட்டுமே இப்படி. இதயம் சற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. அடுத்து எல்லாம் தலைகீழாகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை இழுத்துப் பிடிக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்தம் உடலின் கீழ்ப்பகுதியில் தங்கிவிட, அழுத்தம் சரிகிறது. முகம் வெளுக்கிறது, நெற்றியில் சில்லென்று வியர்க்கிறது, கொட்டாவி வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. பார்வை ஓரங்களிலிருந்து இருண்டு வருகிறது. பக்கத்தில் பேசுகிறவர் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. அதன் பிறகு நினைவில்லை. பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932-இல் இவ்வகை மயக்கத்துக்கு 'வாசோவேகல்' என்று பெயரிட்டார். ரத்த ஃபோபியா உள்ளவர்களில் பத்தில் ஏழு பேரும், ஊசி ஃபோபியா உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும் முன்பு மயங்கி விழுந்தவர்கள் என்று ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் தம் நோயாளிகளிடம் கண்டார்.

காயம்பட்டால் ரத்த அழுத்தத்தைக் குறைத்து ரத்த இழப்பைக் கட்டுப்படுத்த உடல் வைத்திருக்கும் பழைய ஏற்பாடு இது என்று விளக்குபவர்கள் உண்டு. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் நிரூபணமான விளக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. குடும்பங்களில் இது தொடர்ந்து வருவது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ரத்தத்துக்கு அஞ்சுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதே அச்சம் கொண்ட நெருங்கிய ரத்த உறவு ஒருவராவது இருக்கிறார். மற்ற ஃபோபியாக்களில் இந்த அளவு காணப்படுவதில்லை.

என் தந்தைக்கு இது உண்டு, எனக்கும் உண்டு. ரத்தம் எடுக்க நாற்காலியில் உட்கார்ந்தால், "மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள், உடம்பைத் தளர்த்துங்கள்" என்று எந்தச் செவிலியரும் அன்போடுதான் சொல்வார். நானும் தளர்த்துவேன். சரிந்துவிடுவேன். அழுத்தம் ஏறித் தவிக்கும் உடலுக்குத் தளர்வு நல்லது. அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் உடலைத் தளர்த்தச் சொன்னால் அது இன்னும் வேகமாகச் சரியும். இந்த ஒரு தகவல் பள்ளி நாளிலேயே எனக்குக் கிடைத்திருந்தால், தைரியம் இல்லாதவன் என்று என்னைப் பற்றி நானே முடிவு கட்டியிருக்க மாட்டேன்.

பிறவியிலேயே வரும் உடல்வாகு ஒரு பகுதி என்றால், கற்றுக்கொள்வது மறு பகுதி. அச்சத்தைக் கற்பிக்க முடியும் என்று காட்டிய மிகப் பிரபலமான சோதனை 1920-இல் வெளியானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையின் முன் வெள்ளை எலியை விட்டு, அது எலியைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழத் தொடங்கியது. முயலைக் கண்டும் மிரண்டது. ஏற்படுத்திய அச்சத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

ஆனால் எல்லா அச்சங்களும் நேரடி அடியால் வருவதில்லை. நேரடி அனுபவம், பிறர் அஞ்சுவதைப் பார்ப்பது, பிறர் சொல்லக் கேட்பது என்று மூன்று வழிகளை உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1977-இல் வகுத்தார். பார்த்துக் கற்பதைச் சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் ரீசஸ் குரங்குகளிடம் ஆராய்ந்தார்கள். ஆய்வகத்தில் வளர்ந்து பாம்பையே அறியாத குரங்குகள், வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதை வீடியோவில் பார்த்த பிறகு தாமும் பாம்புக்கு அஞ்சின. பாம்பு இருந்த இடத்தில் பூவைப் பொருத்தி அதே அலறலைக் காட்டியபோது பூவுக்கு அஞ்சவில்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று நம் ஊரில் சொல்வதற்கு உயிரியலிலும் ஓர் அடிப்படை இருக்கிறது போலும். அவர்களுடைய இன்னொரு முடிவு பெற்றோர் எல்லோரும் அறிய வேண்டியது. பாம்பின் முன் அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்துப் பழகிய குரங்குகளிடம், பின்னர் அலறும் குரங்கைக் காட்டினாலும் அச்சம் எளிதில் ஒட்டவில்லை.

கேட்டுக் கற்பதை ஆராய்ந்தவர் பிரிட்டனின் ஆண்டி ஃபீல்ட். ஆஸ்திரேலியாவின் சிறு விலங்குகளை, பிரிட்டிஷ் குழந்தைகள் பார்த்தே இராத குவோல், குஸ்குஸ் போன்றவற்றை, அவர் தேர்ந்தெடுத்தார். அவற்றைப் பற்றிப் பயமுறுத்தும் தகவல்களைச் சொன்னதுமே குழந்தைகளின் அச்சம் கூடியது. வாயால் சொன்னதே போதுமானதாக இருந்தது.

நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறூட்டும்போது என்ன சொல்கிறோம்? "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ஊசி போடச் சொல்லிவிடுவேன்." பூச்சாண்டி வருவான் என்று சொன்ன காலம் போய், அந்த இடத்தில் டாக்டரை உட்கார வைத்திருக்கிறோம். பூச்சாண்டி வரவே மாட்டான். டாக்டரிடம் குழந்தை போய்த்தான் ஆக வேண்டும். தண்டனை என்று பத்து முறை சொல்லப்பட்ட பொருளை, நல்லதுக்காகத்தான் என்று பதினோராம் முறை சொன்னால் குழந்தை எதை நம்பும்? இந்த ஒரு மிரட்டலைத் தமிழ் வீடுகள் கைவிட்டுவிட்டாலே பெரிய மாற்றம் வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெரியவர்களிடம் இருக்கும் பழைய நினைவுகளும் சேர்ந்துகொள்கின்றன. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பலருக்குப் போட்டு மழுங்கிய தடித்த ஊசியைச் செருகிய காலத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சும் அந்தக் காலத்தின் எச்சம்தான். குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் உட்பட இந்திய நிறுவனங்கள், ஆட்டு மூளைத் திசுவிலிருந்து அந்த வெறிநாய்க்கடி மருந்தைத் தயாரித்தன. அதை வயிற்றில் நாள்தோறும் போட வேண்டியிருந்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இப்போது போடப்படுவது வேறு தடுப்பூசி. மேற்கையின் தோலுக்குள் மெல்லிய ஊசியால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுகிறார்கள். ஆழமான கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து செலுத்துவார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்த ஒன்று பேச்சில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. நாய் கடித்ததை வீட்டில் மறைக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு நாயைவிடத் தொப்புள் ஊசிதான் பெரிய பயம். வெறிநோயின் அறிகுறிகள் தெரியத் தொடங்கினால் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால், இந்த மறைப்பு உயிரையே வாங்கிவிடக் கூடியது.

அச்சம் எப்படி வந்தது என்பதைவிட ஏன் போகாமல் இருக்கிறது என்ற கேள்விதான் பாதிக்கப்பட்டவருக்கு முக்கியம். 1940-களில் அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மௌரர் கொடுத்த விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. லேப் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறவருக்கு உடனே ஒரு பெரிய நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பரிசு. பரிசு கிடைக்கும் செயலை மூளை மறுபடியும் செய்யத் தூண்டும். கூடவே, உள்ளே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் ஒவ்வொரு முறையும் கைநழுவுகிறது. திருப்பிக் கட்டாத கடனுக்கு வட்டி ஏறுவதைப் போல, தவிர்த்த ஒவ்வொரு முறைக்கும் அடுத்த முறை அச்சம் சற்றுக் கூடியிருக்கும்.

அந்தச் சுமை வாழ்க்கையின் எதிர்பாராத மூலைகளில் போய் விழுகிறது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. விரல் நுனியில் குத்திப் பார்க்கவே தயங்குகிறவருக்கு, சர்க்கரை இருப்பது கண் மங்கிய பிறகோ காலில் புண் ஆறாத பிறகோதான் தெரியவரும். இன்சுலின் தேவை என்று டாக்டர் சொன்னால், இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையிலேயே ஓட்டலாம் என்று கெஞ்சுவார். ஊசிக்கு மாறினால் கடைசிக் கட்டம் என்று அக்கம்பக்கத்தில் பேசுவதும் அவருக்கு ஒரு சாக்காகிவிடும். இன்றைய இன்சுலின் பேனாவின் ஊசி வெறும் 4 மில்லிமீட்டர் நீளத்திலும், கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனிலும் கிடைக்கிறது என்பதை அவர் பார்த்திருக்கவே மாட்டார். பார்ப்பதைத்தான் அவர் தவிர்த்துவந்திருக்கிறாரே.

கர்ப்ப காலத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் குழந்தைப்பேற்றையே தள்ளிப்போடும் பெண்கள் உண்டு. அவர்களிடம் மாமியார் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. வளைகுடா வேலைக்கு விசா வாங்க மருத்துவப் பரிசோதனையில் ரத்தம் கொடுக்க வேண்டும். கைக்கு வந்த வேலையை அந்த ஒரு கட்டத்துக்குப் பயந்து விடுகிறவர்களுக்கும் வெளியே சொல்ல வேறு காரணம் தேவைப்படுகிறது.

உறவுகளில் விழும் அடி இன்னும் மோசமானது. உறவினர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆரஞ்சுப் பழத்தோடும் போய்ப் பார்த்துவிட்டு வருவது நம்மிடையே கடமை. போகாதவரை எளிதில் மன்னிக்க மாட்டார்கள். சலைன் ஏறும் கையையும் பிளாஸ்திரியில் தெரியும் ரத்தத் துளியையும் பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? வாசலில் நின்று மற்றவர்களை உள்ளே அனுப்பிவைப்பார். வெளியூர் வேலை என்பார். "சொந்த மாமன் சாகக் கிடந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை" என்ற பேச்சு வருடங்கள் தாண்டியும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவரைத் துரத்தும். ஆணாக இருந்தால் ஒரு படி கூடுதல். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க முன்வராத இளைஞனைச் சுயநலக்காரன் என்றும், இவ்வளவு பெரிய ஆள் ஊசிக்குப் பயப்படலாமா என்றும் நண்பர்களே கேலி செய்வார்கள். கேலி யாருடைய ரத்த அழுத்தத்தையும் உயர்த்தி நிறுத்தியதில்லை. அச்சத்தோடு அவமானத்தையும் சேர்த்து, மறைக்கும் பழக்கத்தைத்தான் வலுப்படுத்துகிறது.

அன்பு மிகுந்த குடும்பங்கள் இதற்கு எதிர்த்திசையில் போகின்றன. மனைவி அவருக்குப் பதிலாக டாக்டரைப் பார்த்து மருந்து எழுதி வாங்குகிறார். அம்மா, பள்ளியில் தடுப்பூசி போடும் நாளில் பிள்ளைக்கு லீவு போடுகிறார். நாய்க்கு அஞ்சும் பெண்ணை அண்ணன் தினமும் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடுகிறான். எல்லாம் பாசம்தான், ஆனால் மௌரர் சொன்ன அந்தப் பரிசை இங்கே குடும்பமே எடுத்துக் கையில் கொடுக்கிறது. ஒரேயடியாக உதவியை நிறுத்துவது கொடுமை. சிகிச்சையாளரோடு பேசி, படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவதே முறை.

அந்தச் சிகிச்சை எது என்பதற்கு வருவோம். 1924-இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூண்டில் இருந்த முயலை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். வாட்சனின் குழந்தைக்குக் கிடைக்காத நியாயம் பீட்டருக்குக் கிடைத்தது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950-களில் இதை ஒழுங்கான முறையாக்கினார். அஞ்சும் பொருளைக் குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வது இன்றைக்கும் ஃபோபியா சிகிச்சையின் மையம். ஒவ்வொரு படியையும் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எடுத்து வைக்க வேண்டும். நாயை மேலே ஏவிவிடுவதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தத்தைக் காட்டுவதும் சிகிச்சை ஆகாது.

ஊசி, ரத்த அச்சத்துக்கு ஓஸ்ட் 1980-களில் ஒரு தனிப் பயிற்சியை உருவாக்கினார். அழுத்தம் சரிவதுதான் சிக்கல் என்றால், அழுத்தத்தை ஏற்றுவதே மருந்து. கை, மார்பு, கால் ஆகியவற்றின் பெரிய தசைகளை ஒருசேர இறுக்கிப் பத்துப் பதினைந்து நொடிகள், முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகு இறுக்கத்தை விட வேண்டும். துவண்டுபோகும் அளவுக்குத் தளர்த்தாமல் இயல்பு நிலைக்கு மட்டும் திரும்ப வேண்டும். இருபது முப்பது நொடிகள் பொறுத்து மீண்டும் இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை செய்வது ஒரு சுற்று. ஒரு வாரம் தினமும் ஐந்து சுற்றுப் பயின்றால் உடலுக்குப் பழகிவிடும். ஊசி போடப்போகும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு மற்றவற்றை இறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு கிடைக்காது, வலியும் கூடும். ரத்த அழுத்த நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே இதைச் செய்வது நல்லது.

இந்தப் பயிற்சி கைவந்த பிறகு படிகள் தொடங்கும். சிரிஞ்சின் படம், ரத்தம் எடுக்கும் வீடியோ, மூடி போட்ட சிரிஞ்சைக் கையில் வைத்துப் பார்ப்பது, முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்துக்கொள்வது, ரப்பர் பட்டையைக் கட்டிக்கொள்வது, கடைசியில் உண்மையான ஊசி. ஒரே நாளில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் இதையெல்லாம் கடக்க வைக்கும் ஒற்றை அமர்வுச் சிகிச்சையையும் ஓஸ்ட் 1989-இல் விவரித்தார். ஊசிக்கு அஞ்சியவர்களிடம் 1992-இல் அவர் நடத்திய ஒப்பீட்டில், ஐந்து அமர்வுகளுக்குக் கிடைத்த பலன் ஒரே அமர்விலும் கிடைத்தது. எட்டு வயதிலிருந்து ஐம்பது வயது வரை ஒருவர் சுமந்த ஒன்றை ஒரு பகல் பொழுதில் பெரிதும் இறக்கிவைக்க முடியும் என்று தெரிந்தும், நம் ஊரில் அதை யாரும் உரக்கச் சொல்லாதிருப்பது என்னைக் கோபப்படுத்துகிறது. ஊசிக்கு முன்னால் பதற்றம் குறைக்கும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வது அன்றைய நாளைக் கடக்க உதவலாம். ஆனால் 'ஒன்றும் ஆகவில்லை' என்ற பாடத்தை மூளை கற்பதில்லை. அடுத்த முறையும் அதே மாத்திரை தேவைப்படும்.

குழந்தைகளிடம் இது வேரூன்றாமல் தடுக்க, உலக சுகாதார நிறுவனம் 2015-இல் எளிய வழிமுறைகளை வெளியிட்டது. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய் மடியில் வைத்துப் பாலூட்டலாம். வளர்ந்த குழந்தையைப் படுக்க வைத்து அமுக்காமல் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். 'வலிக்கவே வலிக்காது' என்ற பொய்யும் வேண்டாம், 'ஐயோ பாவம்' என்ற பரிதாபமும் வேண்டாம், இயல்பான சொற்களே போதும். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்பே பூசிவிட்டால் குத்தும் வலி பெருமளவு குறையும். நான்கு பேர் சேர்ந்து குழந்தையின் கையையும் காலையும் பிடித்து அமுக்கி ஊசி போட்ட காட்சி, ஊசியின் வலியைவிட நீண்ட காலம் அதன் நினைவில் நிற்கும்.

உதவி கேட்க வேண்டிய இடங்கள் இல்லாமல் இல்லை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் உளவியலாளரைப் பார்க்க முடியும். மனநலச் சிகிச்சை பெறுவதை ஓர் உரிமையாகவே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வைத்திருக்கிறது. தயக்கம் வருவது மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்துத்தான். ஊசிக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டு அங்கே போனால் சிரிப்பார்களோ என்று தோன்றும். பயிற்சி பெற்ற எவரும் சிரிக்க மாட்டார்; அவர்கள் பார்க்கும் நோய்களிலேயே நன்றாகக் குணமாகக் கூடியவற்றில் இதுவும் ஒன்று.

லேப்களிலும் ரத்தம் எடுக்கும் இடங்களிலும் செய்ய வேண்டியது இதைவிடச் சிறியது. பதிவு செய்யும்போது பெயர், வயது, வெறும் வயிறா என்று கேட்கிறார்கள். முன்பு மயங்கியதுண்டா என்று இன்னொரு கேள்வி கேட்கலாம். ஆம் என்றால் நாற்காலிக்குப் பதில் கட்டில். மயங்கிய வரலாறு உள்ளவர்களைப் படுக்க வைத்து ஊசி போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. படுத்திருப்பவரின் மூளைக்கு ரத்தம் போக மேல்நோக்கி ஏற வேண்டியதில்லை. மயக்கம் வந்தாலும் விழுவதற்கு இடமில்லை.

அந்தக் கேள்வி கேட்கப்படும் நாள் வரும்வரை நாமே முந்திக்கொள்ளலாம். கையில் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே, "எனக்கு ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வரும், படுத்துக்கொள்கிறேன், எடுத்து முடித்தும் பத்து நிமிடம் எழுந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிடலாம். நகரங்களில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப்கள் இருக்கின்றன. சொந்தக் கட்டிலில் படுத்தபடி கொடுப்பது இன்னும் சுலபம். முந்தின இரவு நன்றாகத் தூங்கி, தண்ணீர் போதுமான அளவு குடித்துவிட்டு, வெறும் வயிறு தேவையில்லாத பரிசோதனையானால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, கால் தசைகளை இறுக்கி விட்டுப் பழகியபடி காத்திருக்கலாம்.